ஹேவா, ஹேவிங்கா?

கேள்வி: அம்பத்தூரில் ஒரு கம்பெனிக்கு நேர்காணல் போகிறேன். 'ஐ ஆம் ஹேவிங் த்ரீ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்' என்று சொல்லலாமா? ஹேவ், ஹேவிங், ஹேட் மூன்றும் குழப்புகின்றன.

பதில்: 'ஐ ஹேவ் த்ரீ இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்' என்றே சொல்லுங்கள். அனுபவம், தம்பி, பைக், சந்தேகம் என நமக்கு இருப்பவற்றுக்கு ஹேவிங் வராது. 'ஐ ஆம் ஹேவிங் எ டவுட்' சென்னை அலுவலகங்களில் சர்வசாதாரணம். உள்ளூரில் யாரும் கண்டுகொள்வதில்லை, வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு உறுத்தும்.

நடந்துகொண்டிருக்கும் செயல் என்றால் ஹேவிங் தாராளமாக வரும்: 'வி ஆர் ஹேவிங் லஞ்ச்'. ஒன்றில் மட்டும் கவனம். 'ஷி இஸ் ஹேவிங் எ பேபி' என்றால் அவருக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. கைக்குழந்தை இருக்கிறது என்பதற்கு 'ஷி ஹேஸ் எ பேபி'. விடுப்புக் கடிதத்தில் இது மாறினால், எச்.ஆர். பிரசவத் தேதியைக் கேட்பார்.

நன்றாகப் படித்தவர்களும் சறுக்குவது 'ஐ ஹேவ் சென்ட் தி மெயில் யெஸ்டர்டே' என்பதில். 'நேற்றே அனுப்பியிருக்கிறேன்' தமிழில் இயல்பு. அந்தப் பழக்கம்தான் இழுத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் நேற்று, போன வாரம், 2021இல் என்று முடிந்துபோன நேரத்தைச் சொன்னால் ஹேவை எடுத்துவிட வேண்டும்: 'ஐ சென்ட் தி மெயில் யெஸ்டர்டே'. நேரம் சொல்லவில்லையா, 'ஐ ஹேவ் சென்ட் தி மெயில்' சரி. நேர்காணலில் இது கட்டாயம் தேவைப்படும். வேலையில் சேர்ந்ததற்கு 'ஐ ஜாயின்ட் இன் 2021'. இன்னமும் அங்கேதான் இருக்கிறீர்கள் என்றால் 'ஐ ஹேவ் வொர்க்ட் தேர் சின்ஸ் 2021'.

சொல்வரிசையும் பொருளை மாற்றும். ரிச்சி தெருவில் கொடுத்து ஃபோனைச் சரிசெய்தீர்கள் என்றால் 'ஐ ஹேட் மை ஃபோன் ரிப்பேர்ட்'. 'ஐ ஹேட் ரிப்பேர்ட் மை ஃபோன்' என்றால் ஸ்க்ரூடிரைவர் பிடித்தது நீங்களே. 'ஐ ஹேட் ஹேட் லஞ்ச்' (நான் சாப்பிட்டிருந்தேன்) என்பதில் 'ஹேட் ஹேட்' பார்த்து மிரள வேண்டாம்: முதலாவது காலம் காட்டும் துணைவினை, இரண்டாவதுதான் வினை. சாப்பாட்டுக்கு என்றால் அதற்குப் பதில் 'ஹேட் ஈட்டன்' போதும்.

கட்டாயத்துக்கு 'ஹேவ் டு'. பேச்சில் அது 'ஹாஃப்டு' என்று ஒலிக்கும். மேலாளர் 'யூ டோன்ட் ஹேவ் டு கம் ஆன் சாட்டர்டே' என்றால் வரவேண்டிய அவசியமில்லை என்று மட்டுமே பொருள், வந்தால் தப்பில்லை. வரவே கூடாது என்றால் 'மஸ்ட் நாட்' என்றிருப்பார்.