ஊர் மின்சாரம்: எஸ்டிமேட் வருமுன் ஊரைக் கேளுங்கள்

ஊராட்சியே காற்றாலை வாங்குவது, ஊர் சேர்ந்து சோலார் போடுவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

எங்கள் ஊராட்சியில் சோலார் போடப் போகிறோம். கம்பெனி எஸ்டிமேட்டும் கொடுத்துவிட்டது. இதை மக்களிடம் எப்படி எடுத்துச் சொல்வது?

எடுத்துச் சொல்ல நினைப்பதுதான் சிக்கல். எல்லாம் முடிவான பிறகு கூப்பிட்டால் ஊர் தலையாட்டலாம், இல்லை சண்டை போடலாம். வேறு வழி இருக்காது.

டென்மார்க்கில், கோபன்ஹேகனை ஒட்டிய கடலில் மிடில்குருண்டன் காற்றாலைகள் நிற்கின்றன. முதல் வரைபடத்தில் 27 காற்றாலைகள், மூன்று வரிசைகள். கருத்துக் கேட்பில் எதிர்ப்பு வந்ததும் 20 ஆகக் குறைத்து, ஒரே வளைந்த கோடாக நிறுத்தினார்கள். 2000-ல் வேலை முடிந்தது. பாதி நகர மின் நிறுவனத்துக்கு. மீதிப் பாதி 8,000 பேருக்கு மேல் சேர்ந்த கூட்டுறவுக்கு. மக்கள் பேசியதால் வரைபடமே மாறியது பாருங்கள், அதுதான் கலந்து பேசுவது. உங்கள் எஸ்டிமேட்டைக் கொஞ்ச நாள் பீரோவில் வையுங்கள். எந்த இடம், எவ்வளவு பெரியது, யாருக்குப் பயன் என்ற மூன்றையும் ஊரிடம் கேட்டுவிட்டு எடுக்கலாம்.

கிராம சபையில் தீர்மானம் வாசிக்கிறோம், கையெழுத்து வாங்குகிறோம். யாரும் வாயே திறப்பதில்லை. என்ன செய்வது?

கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள்தான். மேசை, மைக், அதிகாரிகள் என்று இருக்கிற இடத்தில் கூச்சம் வரத்தான் செய்யும். அதற்கு முன்பே நூறு நாள் வேலை நடக்கும் இடம், மகளிர் குழுக் கூட்டம், சாயங்கால டீக்கடை என்று நீங்கள் போக வேண்டும்.

கொங்குப் பக்கம் ஒரு குழுக் கூட்டத்தில் சோலாரின் நன்மைகளைப் பத்து நிமிடம் பேசினேன். ஓர் அம்மா எழுந்துபோய் ஈபி அட்டையை எடுத்து வந்தார். பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருந்தார். வரிசையாக எல்லா மாதமும் சைபர். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அவர் வீட்டில் அதைத் தாண்டுவதே இல்லை. “எனக்கு பில்லே வர்றதில்லைங்களே, எனக்கு எதுக்குங்க சோலாரு?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. பதில் வீட்டு அட்டையில் இல்லை, ஊராட்சியின் கணக்கில் இருக்கிறது. தண்ணீர் மோட்டாரும் தெருவிளக்கும் இழுக்கிற கரண்டுக்கு ஊராட்சி கட்டும் பணம் ஊர்ப் பணம். அதைச் சொன்னதும் பேச்சு திரும்பியது. எந்தத் தெருவில் விளக்கு எரியவில்லை, எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஆளாளுக்குச் சொல்லத் தொடங்கினார்கள். ஆக, ஊராட்சியின் ஒரு வருட மின் கட்டணத்தைப் பெரிய எழுத்தில் எழுதி ஊருக்கு நடுவே ஒட்டுங்கள். திட்டம் அங்கிருந்து தொடங்கட்டும்.

ஓடந்துறை மாதிரி நாங்களும் காற்றாலை வாங்க முடியுமா?

மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறையை எல்லோரும் சொல்கிறோம், ஆனால் கடைசிப் படியை மட்டும் சொல்கிறோம். 2006-ல் அந்த ஊராட்சி 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. விலை சுமார் 1.55 கோடி ரூபாய். 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, மீதி வங்கிக் கடன். காற்றாலை நிற்பது ஓடந்துறையில் அல்ல, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிடைக்கும் உடுமலைப் பக்கம், மைவாடியில். ஆண்டுக்கு ஏறக்குறைய 6.75 லட்சம் யூனிட் கிடைத்தது. ஊரின் தேவை 4.5 லட்சம் அளவு. மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தார்கள்.

அதற்கு முன்னால் பத்து வருட வேலை இருக்கிறது. தலைவராக இருந்த ஆர். சண்முகம் பொறுப்புக்கு வந்தது 1996-ல். குடிநீர், வீடுகள், சோலார் தெருவிளக்கு, தண்ணீர் மோட்டாருக்கு மரக்கழிவில் ஓடும் சிறு எரிவாயுக் கலன் என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டிய பிறகுதான் கோடி ரூபாய்ப் பேச்சு வந்தது. வேறு ஊரில் நிற்கப்போகும் இயந்திரத்துக்கு ஊர்ச் சேமிப்பைப் போட, அந்த நம்பிக்கை இல்லாமல் எந்த ஊரும் சம்மதிக்காது.

முடியுமா என்றால், முடியும். ஆனால் அன்றைய விதிகள் இன்று இல்லை. விலை, கட்டணங்கள், காற்றுக் காலத்து யூனிட்டை மற்ற மாதங்களுக்குக் கணக்கு வைக்கும் முறை எல்லாவற்றையும் மின்வாரிய அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள். நம் பக்கம் காற்று மே முதல் செப்டம்பர் வரைதான் பலமாக அடிக்கும்.

பங்கு போட்டு வாங்கினால், பணம் உள்ளவர்கள் கைக்குப் போய்விடாதா?

போகலாம். கூட்டுறவாகப் பதிந்தால் பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. ஸ்காட்லாந்தின் எய்க் தீவில் 2008-ல் சொந்த மின்சாரம் தொடங்கியபோது, எந்த வீடும் ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று வைத்தார்கள். வசதியான வீட்டுக்கும் அதே அளவுதான். ஊரே ஒப்புக்கொண்டதால் அது நிற்கிறது.

தொண்டு நிறுவனம் இலவசமாகப் போட்டுத் தருகிறது. வாங்கிக்கொள்ளலாமா?

வாங்கலாம், பீகாரின் தர்நாய் கிராமத்தை நினைவில் வைத்துக்கொண்டு. 2014-ல் அங்கே ஒரு தொண்டு நிறுவனம் வழியாக 100 கிலோவாட் சோலார் வந்தது, நாடே பேசியது. ஊர் மக்கள் கேட்டதோ “அசல் மின்சாரம்”, அதாவது அரசு கம்பியில் வருகிற கரண்ட். டிவி, ஃபிரிட்ஜ் என்று ஆசைப்பட்டதை அந்த அமைப்பு தாங்கவில்லை. அரசு மின்சாரம் மலிவாக வந்ததும் பேட்டரிகள் தீர்ந்து, கடைசியில் சோலார் நிலையம் மாடு கட்டும் இடமாகிப்போனது. அதனால் முதல் நாளே கேளுங்கள்: பேட்டரி மாற்றப் பணம் எங்கிருந்து வரும்? பழுது பார்க்க ஊரில் யார் பழகப்போகிறார்? எங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று எங்களிடம் கேட்டீர்களா?

ஊருக்கு வெளியே புறம்போக்கு சும்மா கிடக்கிறது. அங்கே பேனல் வைத்தால் யாருக்கும் தொந்தரவு இல்லையே?

சும்மா கிடக்கிற நிலம் அபூர்வம். அது மேய்ச்சல் நிலமாக இருக்கலாம், விறகு பொறுக்கும் இடமாக இருக்கலாம். ஆடு மேய்ப்பவர் கூட்டத்துக்கு வரமாட்டார், பகலெல்லாம் ஆட்டோடு இருப்பார். காலையில் ஆடு ஓட்டிப் போகும்போது நீங்களும் கூட நடங்கள். எங்கே தண்ணீர் தேங்கும், ஆடு எந்தப் பக்கம் போகும் என்று அவரே காட்டுவார். அதைக் குறித்துக்கொண்டு வந்து வரைபடத்தைத் தொடங்குங்கள்.