உரியும் சுவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பணி ஓய்வுக்குப் பிறகு வீட்டில் சின்னச் சின்ன ரிப்பேர் வேலைகளை நானே செய்ய ஆரம்பித்திருக்கிறேன். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது, வீடியோ பார்த்துத்தான் செய்கிறேன். சுவரில் ஒரு அலமாரி மாட்டினேன், நன்றாக நிற்கிறது. ஆனால் படுக்கையறைச் சுவரில் தரையை ஒட்டிப் பெயிண்ட் உரிந்துகொண்டே இருக்கிறது. சுரண்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து மூன்று முறை அடித்துவிட்டேன். சில மாதங்களில் மறுபடியும் கொப்பளித்து உதிர்கிறது. குளியலறைக் குழாய்க்குப் புது வாஷர் போட்டேன், அதுவும் திரும்பச் சொட்டுகிறது. மழைக்காலத்தில் இறுகிக்கொள்ளும் கதவு ஒன்று இருக்கிறது, அதை இழைத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். "தெரிந்த ஆளைக் கூப்பிட்டால் ஒரே நாளில் முடியும், எதற்கு வீண்வேலை?" என்கிறான் மகன். கைப்பழக்கம் இல்லாதவர்கள் இதில் இறங்குவது தவறா? எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது? என்னென்ன கருவிகள் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தவறே இல்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் கைவேலையில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. சுரண்டியிருக்கிறீர்கள், பட்டி பார்த்திருக்கிறீர்கள், தேய்த்திருக்கிறீர்கள். வரிசை சரிதான். பெயிண்ட் ஏன் உரிகிறது என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் தேடவில்லை. பதில் தெரியாமல் நாலாவது முறை அடித்தாலும் உரியத்தான் செய்யும். தேர்ந்த பெயிண்டர் வந்து அடித்தாலும் அப்படித்தான்.

வீட்டு ரிப்பேரில் பெரிய பங்கு காரணத்தைக் கண்டுபிடிப்பது. அதற்குக் கைப்பழக்கத்தைவிடப் பொறுமையும் நேரமும் அதிகம் தேவை. வெளியிலிருந்து வருபவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அந்தச் சுவரை அரை மணி நேரம்தான் பார்ப்பார். நீங்கள் அந்த அறையில் தூங்கி எழுகிறீர்கள். மழை பெய்த மறுநாள் அது எப்படி இருக்கிறது, வெயில் காலத்தில் எப்படி இருக்கிறது என்று உங்களால்தான் சொல்ல முடியும். நாமே செய்பவர்களுக்கு இருக்கும் பெரிய பலம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வீடியோவில் இது கிடைக்காது. வாஷர் மாற்றுவது எப்படி என்று வீடியோ எடுத்தவர் காட்டும்போது, வாஷர்தான் பழுது என்பது ஏற்கெனவே முடிவாகியிருக்கும். நம் வீட்டில் அந்த முடிவை நாம்தான் எடுக்க வேண்டும்.

சுவருக்கு வருவோம். செங்கல்லிலும் கலவையிலும் உப்புகள் இருக்கின்றன. தரையிலிருந்து ஈரம் ஏறினால் மண்ணிலுள்ள உப்பும் கூடவே வரும். சுவருக்குள் புகும் தண்ணீர் அவற்றைக் கரைத்து எடுத்துக்கொண்டு மேற்பரப்புக்கு வருகிறது. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு அங்கேயே தங்கிப் படிகமாகும். பெயிண்ட் படலத்துக்கு அடியில் அந்தப் படிகங்கள் வளர்ந்து, அதை உள்ளிருந்து தள்ளிப் பெயர்க்கின்றன. உரிந்த இடத்தில் வெள்ளையாகப் பஞ்சு போல ஏதாவது பூத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் காய்ந்த பிரஷால் தட்டி, கீழே விழுவதைத் துடைப்பத்தால் அள்ளி எறியுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம், உப்பு மறுபடி கரைந்து உள்ளே போய்விடும்.

அடுத்தது, ஈரம் எங்கிருந்து வருகிறது என்பது. அலுமினியத் தாளை ஒரு முழ அகலத்துக்கு வெட்டி, சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் போட்டு இறுக்கமாக ஒட்டுங்கள். ஓரிரு நாள் விட்டுப் பாருங்கள். அறையைப் பார்த்த பக்கத்தில் நீர் முத்து முத்தாகக் கட்டியிருந்தால் அது அறைக் காற்றிலுள்ள ஈரம், குளிர்ந்த சுவரில் படிகிறது. அதற்கு ஜன்னலைத் திறந்து வைப்பதும், சுவரை ஒட்டி நிற்கும் பீரோவைக் கொஞ்சம் தள்ளிப் போடுவதுமே பெரும்பாலும் போதும். தாளைப் பிரித்தால் சுவரைப் பார்த்த பக்கம் நனைந்திருக்கிறதா? அப்படியானால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது.

உங்கள் சுவரில் அடிப்பகுதி மட்டும் உரிவதால் இரண்டாவதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். தரையிலிருந்து ஏறும் ஈரம் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும். சுவர் நெடுக ஏறக்குறைய ஒரே மட்டத்தில் கறை தெரியும். அது ஏறாமலிருக்க அஸ்திவாரத்துக்கு மேல் ஒரு தடுப்பு அடுக்கு போடுவது வழக்கம். ஆனால் பல வீடுகளில் அந்தச் சுவருக்கு வெளியே பிற்பாடு மண் கொட்டியிருப்பார்கள், அல்லது நடைபாதையை உயர்த்திக் கட்டியிருப்பார்கள். அந்த மண்ணின் வழியாகவோ நடைபாதையின் வழியாகவோ ஈரம் தடுப்பைத் தாண்டிச் சுவருக்குள் போகும். வெளியே போய் மண் மட்டத்தையும் உள்தரை மட்டத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மண் உயர்ந்திருந்தால் முதல் வேலை மண்வெட்டி எடுப்பதுதான், பெயிண்ட் பிறகு.

கறை எல்லாக் காலத்திலும் ஒரே இடத்தில் திட்டாக இருந்தால் குழாயைச் சந்தேகியுங்கள். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைக் குறித்துவையுங்கள். மீட்டர் இல்லையென்றால் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து, தண்ணீர் ஏறும் வழியையும் அடைத்துவிடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து மாறியிருந்தால் எங்கோ கசிகிறது. ஒரு எச்சரிக்கை: கழிவுநீர்க் குழாய்க் கசிவு இதில் அகப்படாது, ஏனென்றால் புழங்கினால்தான் அதில் தண்ணீர் ஓடும். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை என்றால் சில நாள் அதைப் புழங்காமல் வைத்துத் திட்டு வெளுக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

காரணத்தைச் சரிசெய்த பிறகும் உடனே பெயிண்ட் வேண்டாம். நனைந்த தடித்த சுவர் முழுதாகக் காய மாதக்கணக்கில் ஆகும். அதுவரை பூச்சு உதிர்ந்த சுவரோடு இருப்பது கண்ணை உறுத்தும், விருந்தாளிகள் கேட்பார்கள். பரவாயில்லை. நீர் புகாத பெயிண்டை உள்பக்கம் அடித்து மூடிவிடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறி வேறு இடத்தில் வெளிவரும்.

குழாய் விஷயம் எளிது. வாஷர் உட்காரும் பித்தளை வளையத்தை விரல் நுனியால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். வெட்டுப்பள்ளம் தட்டுப்பட்டால் எத்தனை புது வாஷர் போட்டாலும் அந்தப் பள்ளம் அதை அரித்துவிடும். வளையத்தைத் தேய்த்துச் சமன் செய்ய வேண்டும், இல்லையென்றால் குழாயையே மாற்ற வேண்டும். சொட்டுவதை நிறுத்துவதற்காகக் குழாயை முறுக்கி முறுக்கி மூடும் பழக்கம் வீட்டில் இருந்தால் அதை நிறுத்தச் சொல்லுங்கள், வாஷர் அதில்தான் நசுங்கிப்போகிறது. குழாயைக் கழற்றும் முன் தண்ணீர் போகும் ஓட்டையில் ஒரு துணியை அடைத்துவிடுங்கள், ஸ்க்ரூ உள்ளே விழாமல் இருக்கும்.

கதவை இப்போது இழைக்காதீர்கள். மரம் ஈரக்காற்றில் உப்பிப் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். மழையில் அளவு பார்த்து இழைத்த கதவு கோடையில் இடைவெளி விட்டு நிற்கும். அதற்கு முன் மேல் கீலைக் கவனியுங்கள். அதன் ஸ்க்ரூக்கள் தளர்ந்து கதவு சரிந்திருந்தாலும் இதே மாதிரி இறுகும். துளை பெரிதாகிவிட்டிருந்தால் மரச் சிராய்களைப் பசையில் தோய்த்து உள்ளே அடித்து, காய்ந்ததும் நறுக்கிவிட்டு, அதே ஸ்க்ரூவைப் போடலாம். கீல் கெட்டியாக இருந்தும் இறுகினால் கதவின் விளிம்பில் சாக்பீஸ் பூசி மூடித் திறங்கள். எங்கே உரசுகிறது என்று நிலையில் அச்சு விழும். காய்ந்த காலத்திலும் அங்கே உரசினால் அந்த இடத்தை மட்டும் இழையுங்கள்.

எதைத் தொடக்கூடாது? கேஸ் இணைப்பு, மின்பலகையின் உட்புறம், பாரம் தாங்கும் சுவர். இந்த மூன்றிலும் எனக்குச் சமரசமே கிடையாது. எம்.சி.பி. (அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் தானாக அணையும் சுவிட்ச்) அடிக்கடி விழுகிறது என்று அதைவிடப் பெரிய ஆம்பியரில் ஒன்றை மாட்டுவது மிக ஆபத்து. அது வயர் சூடேறாமல் காக்க வைத்தது. பெரிதாக்கினால் எம்.சி.பி. விழாது, வயர் எரியும். ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்ற மின்கசிவுத் தடுப்புச் சுவிட்ச். வீடுகளில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் மின்சாரத்தைத் துண்டிக்கும் வகையைப் போடுகிறார்கள். உங்கள் வீட்டில் அது இல்லையென்றால் எலக்ட்ரீஷியனை வரவழைத்துப் பொருத்திவிட்டு மற்ற வேலைகளைப் பாருங்கள். சுவர் விரிசலைப் பொறுத்தவரை, இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மாதக்கணக்கில் நகரவில்லை, மயிரிழை போலத்தான் இருக்கிறது என்றால் நீங்களே அடைக்கலாம். கோட்டைத் தாண்டி நீண்டால், அல்லது 5 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாக இருந்தால், பொறியாளரிடம் காட்ட வேண்டும். மிகப் பழைய வீட்டில் பெயிண்டை உலர்வாகத் தேய்க்காதீர்கள். பழைய பெயிண்டுகளில் ஈயம் கலந்திருந்தது, அந்தத் தூசு குழந்தைகளுக்கு விஷம்.

மகனிடம் கோபப்படாதீர்கள். ஆளைக் கூப்பிட வேண்டிய வேலைகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் "சுவர் உரிகிறது, பாருங்கள்" என்று கூப்பிடுவதற்கும், "மீட்டர் நகரவில்லை, மழைக்குப் பிறகு மட்டும் ஈரம் கூடுகிறது, வெளியே மண் உயர்ந்திருக்கிறது" என்று சொல்லிக் கூப்பிடுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. வேலை முடிந்த பிறகும் உங்களுக்கு வேலை உண்டு. கொத்தனார் பூசிவிட்டுப் போய்விடுவார். சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுவது, வெறுமனே காய்ந்து கெட்டியாவதல்ல. அதனால் குறைந்தது 7 நாள் அது ஈரமாகவே இருக்க வேண்டும். வேளை தவறாமல் அதை நனைப்பது வீட்டில் இருப்பவரால்தான் முடியும்.

கருவிகளைப் பட்டியல் போட்டு மொத்தமாக வாங்காதீர்கள். டார்ச், ரசமட்டம், அளவு டேப், நல்ல ஸ்க்ரூ டிரைவர் இரண்டு, ஒரு ஸ்பேனர் இருந்தால் ஆரம்பித்துவிடலாம். மற்றவை வேலை வரும்போது ஒவ்வொன்றாகச் சேரட்டும். அலமாரி மாட்டியிருக்கிறீர்கள், அதனால் டிரில் ஏற்கெனவே கையில் இருக்கும். சுவிட்சுக்கும் குழாய்க்கும் நேர் மேலேயும், நேர் கீழேயும், அதே மட்டத்தில் பக்கவாட்டிலும் துளை போடாதீர்கள். பூச்சுக்குள் வயரும் பைப்பும் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போயிருக்கும்.

அன்புடன்