எந்தக் குரங்கு, எந்த வைரஸ்?

அன்புள்ள ஐயா,

எச்.ஐ.வி. தடுப்பூசி குரங்குகளைக் காத்ததாக அவ்வப்போது செய்தி வருகிறது. மனிதர்களிடம் அதே தடுப்பூசி தோற்றுப்போகிறது. அப்படியானால் குரங்குச் சோதனைகளால் என்ன பயன்?

இளங்கோவன்

அன்புள்ள இளங்கோவன்,

பயன் உண்டு. ஆனால் எந்தக் குரங்கு, எந்த வைரஸ், அது எப்படிச் செலுத்தப்பட்டது என்று கேட்காமல் அத்தகைய செய்தியை நம்பிவிடக் கூடாது.

எச்.ஐ.வி. ரீசஸ் குரங்குகளிடம் நிலைத்துப் பெருகுவதில்லை. ஆகவே அதன் உறவான, குரங்குகளைத் தாக்கும் எஸ்.ஐ.வி.யையோ, எச்.ஐ.வி.யின் வெளி உறையை எஸ்.ஐ.வி.யோடு இணைத்து உருவாக்கிய கலப்பு வைரஸையோ பயன்படுத்துகிறார்கள். மெர்க் மருந்து நிறுவனத்தின் அடினோவைரஸ் தடுப்பூசி (சளி உண்டாக்கும் வைரஸ் ஒன்றை வாகனமாகக் கொண்டது) 2002இல் நம்பிக்கை அளித்தது 89.6பி என்னும் கலப்பு வைரஸுக்கு எதிராகத்தான். அந்த வைரஸ் செல்லுக்குள் நுழைய சிஎக்ஸ்சிஆர்4 என்ற வாயிலைப் பயன்படுத்துகிறது. மனிதரிடையே பரவும் எச்.ஐ.வி.யோ பெரும்பாலும் சிசிஆர்5 வழியாக நுழைகிறது. சிசிஆர்5 வழியே நுழையும் எஸ்.ஐ.வி.மேக்239 வைரஸிடம் இதே அணுகுமுறை பெரிதாக எடுபடவில்லை. மெர்க்கின் தடுப்பூசியை மனிதரிடம் சோதித்த ஸ்டெப் என்ற ஆய்வு, பலன் இல்லையென்று 2007இல் நிறுத்தப்பட்டபோது பலர் குரங்குகளைக் குறை கூறினார்கள். குரங்குகள் தந்த எச்சரிக்கைக்குப் போதிய மதிப்பு தரப்படவில்லை என்பதே என் கருத்து.

அடுத்தது மரபணு. அமெரிக்க ஆய்வகங்களில் பெரிதும் பயன்படுபவை இந்திய வம்சாவளி ரீசஸ் குரங்குகள். 1978இல் இந்தியா ஏற்றுமதியைத் தடைசெய்தபின் அமெரிக்காவிலேயே வளர்க்கப்பட்டவை. அவற்றுள் மாமு-பி*08, மாமு-பி*17 போன்ற மரபணு வடிவங்களைக் கொண்ட குரங்குகளில் சில, தடுப்பூசியே இல்லாமல் எஸ்.ஐ.வி.யை அடக்கிவிடுகின்றன. ஆறு குரங்குகள் உள்ள ஒரு குழுவில் இத்தகையவை இரண்டு சேர்ந்துவிட்டால், அவற்றின் பிறவிப் பலம் தடுப்பூசியின் வெற்றியாகக் கணக்கில் ஏறிவிடும். டிரிம்5 என்ற மரபணு இன்னும் நுட்பமானது. அது உருவாக்கும் புரதம், செல்லுக்குள் நுழைந்த வைரஸின் உட்கூட்டைப் பற்றி முடக்குகிறது. அதன் சில வடிவங்கள் எஸ்.ஐ.வி. ஈ660 வகையைத் தடுக்கின்றன, மேக்239, மேக்251 வகைகளைத் தடுப்பதில்லை.

முன்பெல்லாம் எல்லாக் குரங்குகளுக்கும் தொற்று உறுதியாக ஏற்படும்படி ஒரே தவணையில் பெருமளவு வைரஸைச் செலுத்தினார்கள். மனிதருக்கு உடலுறவு வழியாகத் தொற்று ஏற்படும்போது, பெரும்பாலும் ஒரே ஒரு வைரஸிலிருந்துதான் அது தொடங்குகிறது. எனவே இப்போது குறைந்த அளவு வைரஸை மீண்டும் மீண்டும் செலுத்தி, எத்தனையாவது முறையில் தொற்று ஏற்படுகிறது என்று பார்க்கிறார்கள். இந்த முறை உண்மை நிலைக்கு நெருக்கமானது. ஆனால் வைரஸின் அளவு குறையும்போது குரங்கின் மரபணுவுடைய கை ஓங்குவதற்கும் இடமுண்டு.

எச்.ஐ.வி. தடுப்பூசி ஆய்வாளர் நார்மன் லெட்வினின் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வில் டி.என்.ஏ.வும் அடினோவைரஸும் சேர்ந்த ஒரே தடுப்பூசி முறை, ஈ660 தொற்றும் அபாயத்தைப் பாதியளவு குறைத்தது. மேக்251இடம் எந்தப் பாதுகாப்பும் தரவில்லை. ஈ660க்கு எதிராகக் கிடைத்த பாதுகாப்பிலும் டிரிம்5க்குப் பங்கு இருந்ததை அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். குரங்குகளின் மரபணுவை முன்கூட்டியே சோதித்து, அவற்றைக் குழுக்களிடையே சமமாகப் பிரித்து, ஒன்றுக்கு மேற்பட்ட வைரஸ்களுக்கு எதிராகச் சோதித்த முடிவாக இருந்தால்தான், அதை மனிதச் சோதனைக்கு ஆதாரமாக நான் ஏற்பேன்.