இங்கிலாந்தில் எம்எஸ்சி சேரப்போகும் தம்பி முதல் சில நாட்களில் என்ன செய்ய வேண்டும்?

தம்பிக்கு லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது, செப்டம்பரில் கிளம்புகிறான், பெட்டியில் என்ன வைத்து அனுப்புவது, போய் இறங்கியதும் எதை முதலில் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் முதுகலை படித்ததும் அந்த ஊரில்தான். வீட்டில் எல்லோருக்கும் பெட்டியைப் பற்றித்தான் கவலை. ஆனால் போன புதிதில் ஆளை அலைக்கழிப்பது பேப்பர் வேலைதான், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முன்பெல்லாம் அங்கே தங்க அனுமதி உண்டு என்பதற்கு பிஆர்பி என்று ஒரு அட்டை கொடுப்பார்கள். இப்போது அது இல்லை, எல்லாம் ஈவிசா, அதாவது இணையத்திலேயே இருக்கும் விசா. விமானம் ஏறும் முன்பே யுகேவிஐ (பிரிட்டனின் விசா துறை) இணையக் கணக்கைத் திறந்து, கையில் இருக்கும் பாஸ்போர்ட்டின் எண்தான் அதிலும் இருக்கிறதா என்று தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். விசா உண்டா என்று மற்றவர்கள் சரிபார்க்க உதவும் ஷேர் கோட் என்ற குறியீட்டை அந்தக் கணக்கிலிருந்துதான் எடுக்க வேண்டும். பல்கலைக்கழகம் கேட்பதும் அதுதான், பகுதிநேர வேலை தருபவரும் வீட்டு ஓனரும் கேட்பதும் அதுதான். வேலைக்கு எடுத்த கோட் வாடகைக்குச் செல்லாது, ஒவ்வொன்றுக்கும் தனியாக எடுக்கணும்.

ஷேர் கோட் காட்டினால்தான் சேர்க்கை முடியும். சேர்க்கை முடிந்தால்தான் அடையாள அட்டையும், வங்கிக்குக் கொடுக்கும் கடிதமும் கிடைக்கும். கடிதம் இருந்தால்தான் கணக்கு திறக்க முடியும். இதில் ஒன்று நின்றால் பின்னால் இருப்பதெல்லாம் நின்றுவிடும், ஆகவே ஊர் சுற்றுவதை வைத்துக்கொண்டு முதலில் சேர்க்கையை முடிக்கட்டும். நான் போன பெரிய வங்கி ஒன்றில், வாசலிலேயே நின்றிருந்த பெண்மணி சிரித்த முகத்தோடு அடுத்த மாதத்தில் ஒரு தேதி குறித்துக் கொடுத்தார். அதற்குள் மான்ஸோ, ஸ்டார்லிங் மாதிரி செயலி வங்கிகளில் முயற்சி பண்ணுவது நல்லது. எப்படியும் முதல் மாதச் செலவுக்கு ஊரிலேயே ஃபாரெக்ஸ் கார்டில் பணம் போட்டு அனுப்பிவிடுங்கள். பஸ்ஸிலிருந்து காய்கறிக் கடை வரை கார்டுதான் ஓடுகிறது, ரொக்கம் கொஞ்சம் இருந்தால் போதும்.

மருத்துவத்துக்காக விசாவோடு சேர்த்து வருஷத்துக்கு 776 பவுண்ட் ஏற்கெனவே கட்டியிருப்பீர்கள். கட்டிவிட்டு ஜிபி என்னும் பொது மருத்துவரின் கிளினிக்கில் பெயரே பதியாமல் இருக்கிறவர்கள் ஏராளம். காய்ச்சல் வந்த பிறகு பதிவதைவிட, நன்றாக இருக்கும்போதே பதிந்துவைப்பது மேல். டாக்டரைப் பார்க்கக் கட்டணம் கிடையாது, மருந்துச் சீட்டுக்கு உண்டு. அவசரமில்லாத சந்தேகங்களுக்கு 111, உயிர் போகிற அவசரத்துக்கு 999. பல்லை மட்டும் இங்கேயே காட்டிவிட்டு அனுப்புங்கள். அங்கே என்ஹெச்எஸ் என்னும் அரசு மருத்துவச் சேவையில் பல் மருத்துவர் கிடைப்பது குதிரைக்கொம்பு.

இனி பெட்டி. அரிசி, பருப்பு, புளி என்று எடையை நிரப்ப வேண்டாம். லெஸ்டரில் பெல்கிரேவ் ரோடு என்று ஒன்று இருக்கிறது. 1972-இல் உகாண்டாவிலிருந்து விரட்டப்பட்ட குஜராத்திகளில் ஏராளமானோர் இந்த ஊரில்தான் குடியேறினார்கள். இன்று அந்தத் தெரு முழுக்கப் புடவைக் கடை, நகைக் கடை, மிட்டாய்க் கடை. துவரம்பருப்பும் பெருங்காயமும் மலிவாகவே கிடைக்கும். இறைச்சி, பால் பொருட்களைப் பயணிகள் கொண்டுபோகத் தடை இருக்கிறது, எனவே அம்மா எவ்வளவு ஆசையாகக் கட்டிக் கொடுத்தாலும் பால்கோவாவும் நெய்யும் வேண்டாம். தி.நகரில் குளிர் ஜாக்கெட்டும் வாங்க வேண்டாம். நம் ஊர் ஜாக்கெட் அந்த ஊர் மழைக்கும் காற்றுக்கும் தாங்காது, அங்கே பிறர் நன்கொடையாகக் கொடுத்த பொருட்களை விற்கும் சாரிட்டி கடைகளில் நல்லதே குறைந்த விலைக்குக் கிடைக்கும். என்னைக் கேட்டால் மூன்று லிட்டர் குக்கர், வீட்டில் அரைத்த சாம்பார் பொடி, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள், அவற்றுக்கான டாக்டர் சீட்டு, பாத்ரூமுக்கு ஒரு மக் இவைதான் முக்கியம். சிரிக்காதீர்கள், அந்த மக்கின் அருமை போன அன்றே தெரியும்.

சமையலறை பற்றி ஒன்று. விடுதியில் ஐந்தாறு பேருக்கு ஒரே சமையலறை. பெரும்பாலும் அதற்குள் இருப்பது சூட்டை உணரும் கருவி. புகையை உணரும் கருவி வெளியே நடையில் இருக்கும். காற்று வரட்டும் என்று கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டு மிளகாய் தாளித்தால், புகை நடைக்குப் போய் அலாரம் அலறும். மொத்தக் கட்டடமும் போர்வையோடு வாசலில் நின்று யார் என்று தேடும். மேலே இருக்கும் எக்ஸாஸ்டைப் போட்டு, கதவைச் சாத்திவிட்டுத் தாளித்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. கதவைத் திறந்து வைக்காதே என்று அதிலேயே எழுதி ஒட்டியிருப்பார்கள், யார் படிக்கிறார்கள்!

வகுப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பேராசிரியரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், கொஞ்ச நாள் நாக்கு கூசும், அப்புறம் பழகிவிடும். வருகைப் பதிவை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. விசாவுக்குப் பொறுப்பு பல்கலைக்கழகம்தான், காரணம் சொல்லாமல் தொடர்ந்து வராதவர்களைப் பற்றி அது உள்துறைக்குத் தெரிவிக்கும்.

வேலை விஷயத்தைத் தம்பியிடம் அழுத்தமாகச் சொல்லுங்கள். கல்வி பருவத்தில் திங்கள் முதல் ஞாயிறு வரை 20 மணி நேரம், எத்தனை இடத்தில் வேலை பார்த்தாலும் எல்லாம் சேர்த்துத்தான். கோடையில் முழுநேரம் பார்த்துக்கொள்ளலாம் என்று சீனியர்கள் சொல்வார்கள். அது இளங்கலைக்காரர்களுக்குச் சரி. ஒரு வருட முதுகலையில் கோடை என்பது ஆய்வறிக்கை எழுதும் காலம், அதுவும் பருவக் கணக்குதான். அப்புறம் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. அது பெரும்பாலும் சுயதொழில் கணக்கில் வரும், மாணவர் விசாவில் சுயதொழிலுக்கு அனுமதியே கிடையாது. "என் அக்கவுண்ட்டை வாடகைக்குத் தருகிறேன், நீ ஓட்டு" என்று யாராவது ஒருவர் தேடி வருவார், அதுவும் நம் ஆளாகவே இருப்பார். பிடிபட்டால் போவது தம்பியின் விசாதான்.

செப்டம்பரில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், அதிலிருந்து ஐந்தரை. வகுப்பு முடிந்து ஐந்து மணிக்கு அவன் போன் பண்ணினால் உங்கள் வீட்டில் பத்தரை ஆகியிருக்கும். அம்மா சீக்கிரம் படுக்கிறவர் என்றால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடச் சொல்லுங்கள்.

விடுதி ஓட்பி பக்கமா, நகருக்குள்ளேயா என்று நீங்கள் எழுதவில்லை. ஓட்பி என்றால் தினமும் பஸ் பிடிக்க வேண்டியிருக்கும். கமெண்டில் சொல்லுங்கள், அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.