வளைய எண்ணிக்கையை வைத்து உறவு பார்க்காதீர்கள்

வணக்கம். செல்லில் வேண்டாத புரதங்களை வெட்டும், வளையங்களை அடுக்கிய பீப்பாய் வடிவ நொதி புரோட்டியசோம். ஈ.கோலை பாக்டீரியாவில் இதே போன்ற வேலையைச் செய்பவை க்ளிப்-பி, ஹெச்.எஸ்.எல்.வி. என்ற நொதிகள். புரோட்டியசோம், க்ளிப்-பி இரண்டிலும் வளையத்துக்கு ஏழு துணை அலகுகள் (புரதச் சங்கிலிகள்); ஹெச்.எஸ்.எல்.வி.யில் ஆறுதான். அதனால் க்ளிப்-பிதான் புரோட்டியசோமுக்கு நெருங்கிய உறவு என்று ஆய்வறிக்கையில் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். எழுதாதீர்கள். இதே குழப்பத்தில் நானும் ஒரு வாரம் கிடந்தேன்.

புரதத்தின் மடிப்பை, அதாவது சங்கிலி மடங்கி எடுக்கும் வடிவத்தைப் பாருங்கள். ஹெச்.எஸ்.எல்.வி.யும் புரோட்டியசோமில் வெட்டும் வேலைக்கான பீட்டா அலகும் ஒரே அச்சு: இரண்டு பீட்டாத் தாள்கள் நடுவில், இருபுறமும் ஆல்ஃபா சுருள்கள். வெட்டும் வேலையைச் செய்வது சங்கிலியின் முதல் அமினோ அமிலமான திரியோனைன். அமினோ அமில வரிசை ஒற்றுமை சுமார் 20 சதவீதம்தான், ஆனாலும் 1997இல் வந்த ஹெச்.எஸ்.எல்.வி.யின் படிக அமைப்பு சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. க்ளிப்-பி வெட்டுவது செரின் என்ற வேறொரு அமினோ அமிலத்தால், மடிப்பே வேறு. வெட்டும் இடத்தைப் பீப்பாய்க்குள் ஒளித்து வைக்கும் உத்தியைத் தனியாகக் கண்டுபிடித்துக்கொண்ட அந்நியர் அது.

ஹெச்.எஸ்.எல்.வி.யில் பீட்டா மாதிரியான வளையம் இரண்டே, மொத்தம் 12 அலகுகள். புரோட்டியசோமிலோ நான்கு வளையம், 28 அலகுகள். அதில் உள் வளையங்கள் இரண்டும் பீட்டா, வெளி வளையங்கள் இரண்டும் ஆல்ஃபா என்ற வேறு வகை அலகு. புரதத்தைப் பிரித்து ஹெச்.எஸ்.எல்.வி.க்குள் தள்ளும் கூட்டாளியான ஹெச்.எஸ்.எல்.யூ.வும் ஆறு அலகு வளையம் என்பதால் ஆறுக்கு ஆறு அழகாகப் பொருந்துகிறது. க்ளிப்-பியின் ஏழின் மேலோ அதன் கூட்டாளியான க்ளிப்-எக்ஸின் ஆறு உட்காருகிறது, அதுவும் வேலை செய்கிறது! வளைய எண் பரிணாமத்தில் எளிதாக மாறும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அப்புறம், பாக்டீரியாவில் அசல் புரோட்டியசோமே இல்லை என்ற உங்கள் வரியையும் திருத்துங்கள். காசநோய்க் கிருமியில் இருக்கிறது.