முதலில் அந்தக் கதவைத் திறங்கள்

கேள்வி: என் மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். பள்ளிச் சேர்ந்திசைக் குழுவில் ஆல்டோ, அதாவது பெண்களில் தாழ்ந்த குரல் பிரிவு. ஜூன் விடுமுறையில் சேர்ந்திசை நடத்துநர்களுக்கு ஐந்து நாள் பயிலரங்கு நடக்கிறது. அதில் பாட இவளையும் தேர்ந்தெடுக்க, வருவதாகச் சொல்லிவிட்டாள். அதே வாரம் கணிதத் துணைப்பாடம் இருக்கிறது. தம்பிக்கு இந்த ஆண்டு பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு), வீட்டில் சத்தம் கூடாது என்பதால் பாம் ஷெல்டர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டுதான் பாடுவாள். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறாள், பாட்டு மாதிரியே இல்லை. அனுப்பலாமா?
- ஒரு தாய், செங்காங், சிங்கப்பூர்

பதில்: ஜூன் நெருங்கினாலே இந்தக் கேள்வி வந்துவிடும். பரதம், சிலம்பம், கால்பந்து என்று பெயர்தான் மாறும். அனுப்புங்கள். நான்கு வார விடுமுறையில் ஐந்து நாள் கணக்குப் போடாவிட்டால் குடிமுழுகிப் போகாது. வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள். அதைக் காப்பாற்றப் பழக்க வேண்டியவரே தடுக்கலாமா?

என்னை உறுத்துவது வேறு. போகிற போக்கில் பாம் ஷெல்டர் என்று எழுதிவிட்டீர்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் அது எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அரிசி மூட்டை, பழைய பெட்டி, தீபாவளி விளக்குச் சரம், கனத்த இரும்புக் கதவு. சன்னல் கிடையாது. ஆபத்துக் காலத்தில் ஒளிந்துகொள்ளக் கட்டிய அறை அது. அவளாகத்தான் போகிறாள் என்பீர்கள். தன் குரலுக்கு வீட்டில் இடமில்லை என்று புரிந்துகொண்ட பிள்ளை தானாகத்தான் போகும்.

பாட்டு மாதிரியே இல்லை என்கிறீர்கள். இருக்காதுதான். மெட்டு பெரும்பாலும் உச்சக் குரலான சொப்ரானோவிடம் இருக்கும். ஆல்டோ அதற்குக் கீழே, சில சமயம் இரண்டு மூன்று சுரங்களிலேயே நின்றுகொண்டிருக்கும். ஆனால் ச, க, ப மூன்றும் சேர்ந்து ஒலிக்கும்போது க என்கிற காந்தாரம் சற்று உயர்ந்த அந்தர காந்தாரமா, அதற்குக் கீழே உள்ள சாதாரண காந்தாரமா என்பதில் பாட்டின் முகமே மாறிவிடும். பல இடங்களில் அந்தக் காந்தாரம் ஆல்டோவிடம்தான் இருக்கும். உங்கள் மகள் திரும்பத் திரும்பப் பாடுவது அதுவாக இருக்கலாம். ஒருநாளாவது கேட்டீர்களா அவளிடம்?

அந்த கான்கிரீட் அறையில் பாடினால் தன் குரலே காதை அடைக்கும். சேர்ந்திசையில் கற்க வேண்டியதோ பக்கத்தில் நிற்பவரின் மூச்சைக் கேட்டு, அவர் குரலோடு தன் குரலைச் சேர்ப்பது. பயிலரங்கில் நடத்துநர்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்து கையசைப்பார்கள். கை தெளிவில்லாவிட்டால் பிள்ளைகள் ஆளுக்கொரு நேரத்தில் மூச்செடுப்பார்கள், அதைப் பார்த்துத்தான் அவர் திருத்திக்கொள்வார். பெரியவர்கள் தொழில் கற்க உங்கள் மகளின் குரல் தேவைப்படுகிறது. வீட்டில் மட்டும் அது சத்தம்.

மகன் படித்தால் குடும்பமே வாய்மூட வேண்டும், மகள் பாடினால் கதவைச் சாத்த வேண்டும். நம் வீடுகளில் இது ரொம்பப் பழைய வழக்கம், எனக்கு இதில் கோபம்தான் வருகிறது. பிஎஸ்எல்இ எழுத்துத் தேர்வுகள் செப்டம்பர் கடைசியில்தான் மும்முரமாகும். தம்பிக்காக அக்கா விட்டுக்கொடுப்பது நல்லதுதான். அக்காவுக்காக அவனும் தினம் அரை மணி நேரம் விட்டுக்கொடுக்கட்டும். இந்த வயதில் பழகாவிட்டால், நாளை அவனைக் கட்டிக்கொள்கிறவளும் வாய்மூடித்தான் இருக்க வேண்டும்.

இன்றைக்கே சாப்பாட்டுக்கு அப்புறம் அவளைக் கூடத்தில் பாடச் சொல்லுங்கள். உங்கள் கணவரும் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு உட்காரட்டும். கடைசி நாள் நிகழ்ச்சிக்குக் குடும்பத்தை அழைத்தால் தம்பியையும் கூட்டிப் போங்கள். ஆல்டோக்கள் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று முன்பே அவளிடம் கேட்டுக்கொண்டு, அந்தப் பக்கமாக இடம் பிடியுங்கள்.