கறுப்பு அடிக்க முன் சுவரைத் தொட்டுப் பாருங்கள்

வீட்டை இருண்ட, பழமையான கோதிக் பாணியில் அலங்கரிக்க விரும்பும் வாசகர்களின் கேள்விகளும் என் பதில்களும்.

படுக்கையறைக்கு மேட் கறுப்பு அடித்தேன். மூன்று மாதத்தில் கொப்பளித்து உரிகிறது. எந்த பிராண்ட் நல்லது? (ஹட்டன்)

பிராண்டைக் கேட்கிறீர்கள். சுவர் கல்லா, செங்கல்லா, பிளொக்கா, பின்னால் மண்மேடு இருக்கிறதா என்று ஒரு வரிகூட எழுதவில்லை. உரிந்த இடத்தைச் சுரண்டிவிட்டு ஒரு பொலித்தீன் துண்டை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். பொலித்தீனின் சுவர்ப் பக்கம் வியர்த்தால் ஈரம் சுவருக்குள். மண்ணை விலக்கி, கான் வெட்டி, காயவிட வேண்டும். அறைப் பக்கம் வியர்த்தால் ஈரம் அறைக் காற்றில். பகலில் யன்னலைத் திறவுங்கள். ஈரச் சுவரில் எந்தக் கறுப்பும் நிற்காது.

அடிஷாம் மாதிரி கோதிக் வீடு கட்ட ஆசை. (பதுளை)

சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் ஹப்புத்தளையில் கட்டிய அடிஷாம் பங்களா டியூடர் பாணி, அதாவது பழைய ஆங்கில மாளிகை முறை. கோதிக் என்றால் கூர்வளைவும் வண்ணக் கண்ணாடியும். டிக்கோயா வார்லி தேவாலயத்துக்கு (1878) வெயில் ஏறிய நேரத்தில் போய், உள்ளே பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

வாடகை அறை. பெயின்ட் அடிக்க விடமாட்டார்கள். (பண்டாரவளை)

அடிக்க வேண்டாம். கூரையிலிருந்து தரைவரை கடும் சிவப்பு வெல்வெட் திரை, ஒட்டுப்பலகையில் வெட்டிய கூர்வளைவுச் சட்டம், அதற்குள் பழைய கண்ணாடி, மஞ்சள் பல்ப். போலி என்று கூசாதீர்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கில எழுத்தாளர் ஹொரஸ் வோல்போல் வாங்கிக் கோதிக்காக மாற்றிய ஸ்ட்ரோபெரி ஹில் வீட்டின் நீண்ட கூடத்தில், கல்வேலை போலத் தெரியும் கூரை கடதாசிக் கூழில் செய்தது.

பழைய துரை பங்களா வாங்கியிருக்கிறோம். மர யன்னல்களைக் கழற்றி அலுமினியம் போட்டபின் உள்ளே கோதிக் அலங்காரம் செய்ய என்ன செலவாகும்? (நுவரெலியா)

கழற்றாதீர்கள். இந்தக் கேள்வி மாதம் ஒருமுறையாவது வருகிறது, ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு பழைய சாமான் கடை வாசலில் கூர்முனை யன்னல் ஒன்று சாத்தியிருந்தது. மேலே நீலமும் அரக்குச் சிவப்புமாகச் சிறு கண்ணாடிகள், ஈயப் பட்டி அப்படியே, பித்தளைக் கொக்கியில் பச்சைக் களிம்பு. விறகு விலையைவிடக் கொஞ்சம் கூட்டிச் சொன்னார்கள். கழற்றி விற்ற வீட்டுக்காரர், அடுத்த மாதம் என்னிடமே வந்து "பழைய லுக்" கேட்டார்.

உங்கள் யன்னலின் கீழ்ச்சட்டத்தைப் பேனாக்கத்தியால் குத்திப் பாருங்கள். பெரும்பாலும் அடியில் நான்கைந்து அங்குலம்தான் உக்கியிருக்கும். நல்ல தச்சு பாஸ் அதை மட்டும் வெட்டி, புது மரம் பொருத்தி, பட்டிப் பசை வைத்துத் தந்துவிடுவார். பழைய கண்ணாடி லேசாக நெளிந்திருக்கும். அதனூடே மூடுபனி அசைவதைப் புதுக் கண்ணாடி காட்டாது. சுண்ணாம்புச் சுவராக இருந்தால் பிளாஸ்டிக் பெயின்ட் வேண்டாம், ஈரம் உள்ளே அடைபடும். சுண்ணாம்பில் அசல் கறுப்பு வராது. மேகச் சாம்பல் வரும், இந்த வீட்டுக்கு அதுவே அழகு. முதலில் ஈரத்தைப் பாருங்கள்.

லயத்துக் காம்பராவில் கோதிக் அலங்காரம் சரிவருமா? பத்துக்குப் பன்னிரண்டு அடி. (தலவாக்கலை)

தாராளமாக. நான்கு சுவரையும் கறுப்பாக்காதீர்கள். வெள்ளைச் சுவர் விழும் வெளிச்சத்தில் 80 வீதம் திருப்பித் தரும், மேட் கறுப்பு 5 வீதம்தான். யன்னலுக்கு எதிர்ச் சுவரை வெள்ளையாக விட்டு, யன்னல் உள்ள சுவரையும் கதவையும் மட்டும் இருட்டாக்குங்கள். பிடுங்கிப் போட்ட பழைய தேயிலை மரத்தின் வேரைக் கழுவிக் காயவைத்து, மேலே ஒரு கண்ணாடி வைத்தால் மேசை. முறுக்கிய அந்த வேருக்கு ஈடான கோதிக் தளபாடம் எந்தக் கடையிலும் இல்லை. தகரத்தில் ஒழுக்கு இருந்தால் அதை முதலில் அடையுங்கள்.

பழைய கல்லறை இரும்பு வேலி விலைக்கு வருகிறது. (கண்டி)

வாங்காதீர்கள். அது களவுச் சாமான்.

குளிருக்கும் அழகுக்கும் கரிச்சட்டி வைத்து, மெழுகுதிரிகளோடு இரவு முழுக்க எரிக்கலாமா? (ஹப்புத்தளை)

மெழுகுதிரி திரைச்சீலைக்கு மூன்றடி தள்ளி, நீங்கள் விழித்திருக்கும்வரை மட்டும். கரிச்சட்டி மூடிய அறைக்குள் கூடவே கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணமில்லை. தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. இன்றிரவே வெளியில் எடுத்து வையுங்கள்.